சைலன்சர் இணைப்பில் புகைக் கசிவு: பசை போதுமா, பேக்கிங் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கரூர்ப் பயணி

வணக்கம். 2009ஆம் ஆண்டு பதிவான, கார்புரேட்டர் பொருத்திய 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைத் தினமும் வேலைக்கு ஓட்டி வருகிறேன். இஞ்சினின் ஹெட்டிலிருந்து புகையைக் கொண்டு வரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் தனித்தனித் துண்டுகளாக வந்து, கால்மிதிக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒரு கிளாம்ப்பால் இறுக்கப்படும் அமைப்பு அது.

சில மாதங்களாக, காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓர் ஓசை வருகிறது. முதலில் அது வால்வு சத்தம் என்று எண்ணி வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொன்னேன். அதில் குறை எதுவும் இல்லை. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஓசை பெருமளவு அடங்கிவிடுகிறது. ஆனால் பாலத்துச் சரிவில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால், சைலன்சருக்குள் பட்டாசு வெடிப்பதுபோல் ‘பட் பட்’ என்று கேட்கிறது. ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறது. நடுவில் உள்ள கிளாம்ப் பக்கத்திலும் இலேசாகக் கறை தெரிகிறது.

பட்டறை ஒன்றில் சிவப்பு நிறப் பசையைத் தடவி இறுக்கிக் கொடுத்தார்கள். அது சில நாள்களிலேயே பொரிந்து உதிர்ந்துவிட்டது. இன்னொருவர் ஒரு பேக்கிங்குக்குப் பதில் இரண்டு பேக்கிங் போட்டால் நிற்கும் என்கிறார். மூன்றாமவர், நடு இணைப்பை வெல்டிங் செய்துவிட்டால் தொல்லையே இல்லை என்கிறார். அடிப்படைக் கருவிகள் என்னிடம் உள்ளன, பொறுமையும் உண்டு. இந்தக் கசிவை நிலையாக நிறுத்தச் சரியான முறை எது, எந்த இணைப்புக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன். இப்படியே ஓட்டினால் வால்வு எரிந்துவிடும் என்று சிலர் சொல்வது உண்மையா என்பதையும் தெரிவிக்கவும்.

பதில் 1: பட்டறைக்காரர்

நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும், அதாவது குளிரில் கேட்டுச் சூட்டில் அடங்கும் ஓசை, ஆக்சிலரேட்டரை விடும்போது வரும் வெடிப்பு, இணைப்பைச் சுற்றிய கரி ஆகியவை, ஹெட் பக்க இணைப்பில் கசிவு இருப்பதையே காட்டுகின்றன. உலோகம் சூடேறி விரியும்போது இடுக்கு ஓரளவு மூடிக்கொள்வதால்தான் ஓசை குறைகிறது. அதைக் கண்டு கசிவு தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

சைலன்சருக்குள் வெடிப்பது ஏன் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதற்கு முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். புகை இஞ்சினிலிருந்து ஒரே சீராக வெளியேறுவதில்லை. ஒற்றை சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஐடிலில் ஓடினால், எக்ஸாஸ்ட் வால்வு நிமிடத்துக்கு 700 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 12 முறை திறந்து புகையைத் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு, ஓடும் புகையின் வேகத்தால் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையும் தருணம் ஒன்று வருகிறது. இணைப்பில் இடுக்கு இருந்தால், அழுத்தம் கூடும்போது புகை வெளியே வருகிறது. குறையும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டுச் சரிவில் இறங்கும்போது சிலிண்டருக்குள் சில சுழற்சிகளில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் அப்படியே வெளியேறுகிறது. அந்தப் பெட்ரோல் ஆவியும், இடுக்கு வழியாக நுழைந்த காற்றும், சூடான பைப்பும் சேர்ந்தால் வெடிப்புக்கு வேறொன்றும் தேவையில்லை.

எனினும் இதே வெடிப்பு வேறு இரண்டு காரணங்களாலும் வரலாம். புகையைக் குறைப்பதற்காக எக்ஸாஸ்ட் வழிக்குள் காற்று செலுத்தும் சிறு வால்வும் ரப்பர் குழாயும் பல வண்டிகளில் உண்டு. அந்தக் குழாய் வெடித்திருந்தாலோ வால்வு மூடாமல் நின்றாலோ இதே ‘பட் பட்’ கேட்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வைக்கப்பட்டிருந்தாலும் கேட்கும். ஆகவே பைப்பைக் கழற்றுமுன் கசிவை உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த வெளியில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பி, கையுறை அணிந்த கையில் ஒரு தடித்த துணியை மடித்து, சைலன்சரின் வால்முனையை ஒன்றிரண்டு விநாடி பகுதியாக மூடுங்கள். உள்ளழுத்தம் கூடுவதால் கசியும் இடம் சீறும். இணைப்பின் அருகே எரியும் ஊதுபத்தியைப் பிடித்தால் அதன் புகை உதறப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்; ஆனால் பெட்ரோல் கசிவு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே நெருப்பை வண்டியின் பக்கம் கொண்டு போங்கள். இந்தச் சோதனையை மூடிய ஷெட்டுக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

கசிவு உறுதியானால் பெண்ட் பைப்பையும் சைலன்சரையும் முழுமையாக இறக்குங்கள். முந்தைய இரவே, ஹெட்டில் பதிந்திருக்கும் மரையாணிகளான ஸ்டட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள். நட் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். இலேசாக இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்தி, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. ஸ்டட் முறிந்தால் ஒரு மணி நேர வேலை லேத்துப் பட்டறை வரை போய்விடும்.

பைப் வெளியே வந்ததும் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் ஹெட்டின் துவாரம். டார்ச் அடித்து உள்ளே நன்றாகப் பாருங்கள். பழைய பேக்கிங் வளையம் கரியோடு கரியாக ஒட்டிக்கொண்டு, துவாரத்தின் விளிம்பைப் போலவே தோற்றமளிக்கும். அதை எடுக்காமல் அதன்மேலேயே புதிய வளையத்தை வைத்து இறுக்கிய வண்டிகள் எங்களிடம் ஏராளமாக வருகின்றன. இரண்டு பேக்கிங் போடச் சொன்னவருக்கான பதிலும் இதுதான்: அந்த வளையம் உட்கார்வதற்கென்று ஹெட்டில் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு வளையம் அதற்குள் நசுங்கி மூடும். இரண்டு போட்டால் மேல் வளையம் பள்ளத்துக்கு வெளியே தூக்கி நிற்கும். பைப்பை ஹெட்டோடு சேர்த்து இறுக்கும் தகடான ஃபிளாஞ்ச் சாய்வாக உட்காரும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் வாய் திறக்கும். பழையதை வளைந்த கூர்முனைக் கம்பியால், அலுமினியத்தில் கீறல் விழாதபடி நெம்பி எடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும் நிலையில் இஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தால், உதிரும் கரி சிலிண்டருக்குள் போகாது.

அடுத்தது ஃபிளாஞ்ச். இரண்டு ஸ்டட்டில் இறுகும் ஃபிளாஞ்சை அளவுக்கு மீறி முறுக்கினால், அதன் இரண்டு காதுகளும் ஹெட்டை நோக்கி வளைந்துவிடும். நடுப்பகுதி அழுத்தம் கொடுக்காது. கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் அதை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். சிறிய வளைவு என்றால் கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துச் சமன் செய்யலாம். பெரிய வளைவு என்றால் புதியது வாங்குவதே நல்லது. பைப்பின் முனையில் உள்ள விளிம்பையும் பாருங்கள். வெல்டிங் செய்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் எந்தப் பேக்கிங்கும் பயன் தராது.

பொருத்தும் வரிசையைப் பற்றித்தான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். புதிய பேக்கிங்கைச் சிறிதளவு கிரீஸ் தடவிப் பள்ளத்தில் ஒட்டவைத்து, பெண்ட் பைப், கிளாம்ப், சைலன்சரின் பின்புற போல்ட் ஆகிய எல்லாவற்றையும் கையால் மட்டும் போடுங்கள். எல்லாம் இழுப்பின்றித் தன் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்புற போல்ட் துவாரம் பொருந்தாமல் சைலன்சரைத் தூக்கிப் பிடித்தால்தான் போல்ட் நுழையும் என்ற நிலை இருந்தால், அந்த இழுவை முழுவதும் ஹெட் இணைப்பின்மேல்தான் விழும். அங்கே வாஷர் போட்டோ தாங்கியைச் சற்று வளைத்தோ முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு ஹெட் நட்டுகளை மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஹெட் இறுகிய பிறகே கிளாம்ப். கடைசியாகத்தான் பின்புற போல்ட். பல இடங்களில் சைலன்சரைத் தொங்கவிட வசதியாக இருக்கிறது என்பதற்காகப் பின்புற போல்ட்டை முதலில் முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்த வண்டியில், எவ்வளவு விலை உயர்ந்த பேக்கிங் போட்டாலும் அதிர்வு அதை உடைத்துவிடும்.

முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். 6 மி.மீ. ஸ்டட்டுக்குப் பொதுவாக 1 கிலோகிராம்-மீட்டர் அளவும், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 2 முதல் 2.5 வரையும் கொடுக்கப்பட்டிருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் நீளம் குறைந்த ஸ்பேனரைப் பயன்படுத்துவது நல்லது. நீளமான கைப்பிடியில் கை தன்னை அறியாமலே அதிகம் முறுக்கிவிடும்.

வால்வு எரியும் என்ற பயம் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது. வால்வு எரிவதற்கு வழக்கமான காரணம், வால்வு இடைவெளி குறைந்து அது முழுவதும் மூடாமல் இருப்பதுதான். நீங்கள் அதைச் சரிபார்த்துவிட்டீர்கள். ஆனால் வெளியேறும் புகை அலுமினியத்தின் முகப்பை நாளடைவில் அரித்துவிடும் என்பது உண்மை. அப்போது புதிய பேக்கிங்கும் சரியாக உட்காராது. அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

பதில் 2: புல்லட் தாத்தா

மேலே பட்டறைக்காரர் எழுதியதோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பசையே வேண்டாம் என்று வாசகர்கள் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் வைத்திருப்பது பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட். அதன் ஹெட்டில் எக்ஸாஸ்டுக்கு ஸ்டட்டும் கிடையாது, ஃபிளாஞ்சும் கிடையாது. பெண்ட் பைப்பின் முனையை ஹெட்டின் துவாரத்துக்குள் தட்டிச் செருகுவதுதான் இணைப்பு. அப்படிப்பட்ட செருகு இணைப்பில் பசைக்கு நியாயமான இடம் உண்டு.

ஆனால் அங்கேயும் பசை வேலை செய்ய வேண்டுமானால், பைப் துவாரத்துக்குள் ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும். கையால் அசைத்தால் அசையும் பைப்பை எந்தப் பசையும் பிடித்து நிறுத்தாது. ஆடுகிற பைப்பின் முனையைச் சற்று விரித்துக் கொடுக்க லேத்துப் பட்டறையில் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்து வருகிறேன். பெண்ட் பைப்பை வண்டியோடு பிடிக்கும் தாங்கி உறுதியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இஞ்சினின் அதிர்வு எப்படிப்பட்டது என்று ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் காலத்தில் இந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றி அடித்து உள்ளே தள்ளுவார்கள். நன்றாக நிற்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் தூள் நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். பழைய வண்டியை வாங்கிப் பிரிப்பவர்கள், இணைப்பில் சாம்பல் நிற நார் போன்ற ஒன்றைக் கண்டால் அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, காற்றடித்து ஊதவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

பதில் 3: வேதியியல் ஆசிரியை

கரூர்ப் பயணியின் சிவப்புப் பசை ஏன் பொரிந்தது என்பதற்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. அது என் பாடத்துக்கு நெருக்கமானது என்பதால் எழுதுகிறேன்.

கடைகளில் ‘சூடு தாங்கும் பசை’ என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகைப் பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று சிலிக்கான் பசை. மெக்கானிக்குகள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பொதுவாக ‘அனபாண்ட்’ என்று சொல்வது இதைத்தான். இது காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு ரப்பராக இறுகுகிறது. சில வகைகளில் இறுகும்போது வினிகர் வாடை வரும். இஞ்சின் கேஸிங் மூடிகளில் எண்ணெய்க் கசிவை நிறுத்த இது அருமையான பொருள். சிவப்பு, செம்பு நிறங்களில் வரும் உயர்வெப்ப வகைகள்கூடச் சுமார் 250 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ஹெட்டிலிருந்து வெளியேறும் புகையோ, வண்டி சுமையோடு ஓடும்போது 600 டிகிரியையும் தாண்டும். அந்த வெப்பத்தில் சிலிக்கானிலுள்ள கரிமப் பகுதி எரிந்துபோய், மிஞ்சுவது வெள்ளை நிற சிலிக்காத் தூள் மட்டுமே. நீங்கள் பார்த்த பொரியல் அதுதான். பசை மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அது வேறு வேலைக்கான பசை.

மற்றொன்று எக்ஸாஸ்டுக்கென்றே விற்கப்படும் சாம்பல் நிறக் களிம்பு. இதன் அடிப்படை பெரும்பாலும் சோடியம் சிலிகேட். அதோடு வெப்பம் தாங்கும் கனிமத் தூள்களைக் கலந்திருப்பார்கள். இதில் கரிமப் பொருள் ஏறக்குறைய இல்லை என்பதால் எரிவதற்கு ஒன்றும் இல்லை. உலர்ந்து இறுகினால் ஒருவகைக் கண்ணாடியைப் போலாகிவிடும். ஆயிரம் டிகிரி வரை தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பலாம். ஆனால் கண்ணாடியின் குணம் இதற்கும் உண்டு: வளையாது, அடித்தால் விரிசல் விடும். ஆகவே அசைவு இல்லாத இடத்திலோ, இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாகவோ இருக்கும்போதுதான் இது நிலைக்கும். பைப்பின் வெளிப்புறத்தில் பிட்டு மாவு அப்புவதைப் போல அப்பினால் முதல் பெரிய பள்ளத்திலேயே கழன்று விழும்.

இதைப் பயன்படுத்தும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈரமான சோடியம் சிலிகேட்டைத் திடீரென்று கடும் சூட்டுக்கு உட்படுத்தினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை நுரைபோல் உப்பச் செய்துவிடும். அந்த நுரைக்குப் பலம் கிடையாது. களிம்பு தடவி இணைத்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்காமல், முடிந்தால் ஓர் இரவு உலரவிட்டு, மறுநாள் பத்து நிமிடம்போல ஐடிலில் ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஓட்ட வேண்டும். உலர்வதற்குள் மழையில் நனையவும் விடக் கூடாது, ஏனெனில் இறுகும் வரை அது நீரில் கரையும்.

பேக்கிங் வளையம் பற்றியும் ஒரு குறிப்பு. மெல்லிய உலோக உறைக்குள் கிராஃபைட் போன்ற மென்பொருளை அடைத்த வளையம் ஒருமுறைக்குத்தான். நசுங்கியது மறுபடி எழாது. முழுச் செம்பாலான வளையமாக இருந்தால் மட்டும், அதை அடுப்பில் செந்நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவைத்தால் மறுபடி மென்மையாகி, இன்னொரு முறை நசுங்கப் பயன்படும். நீரில் போட்டுக் குளிர்வித்தாலும் செம்பு எஃகைப் போலக் கடினமாவதில்லை என்பதால் அதற்கும் தடையில்லை. மேலே படியும் கறுப்புச் செதில்களைத் தேய்த்து நீக்கிவிட்டுப் பொருத்துங்கள்.

பதில் 4: புதுவண்டிக்காரன்

கேட்டவரின் வண்டிக்கு இது பொருந்தாது; ஆனால் புதிய வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் எக்ஸாஸ்ட் பாதையில் பெரும்பாலும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் கசிவு ஏற்பட்டு வெளிக்காற்று உள்ளே நுழைந்தால், புகையில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கிறது, ஆகவே பெட்ரோல் போதவில்லை என்று இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தவறாகக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைகிறது என்று இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யக் கொடுக்குமுன் இணைப்பில் கரி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது செலவில்லாத வேலை. ஆசிரியை சொன்ன சிலிக்கான் பசையைச் சென்சாருக்கு முன்னால் எங்கேயும் தடவாதீர்கள். அதிலிருந்து எழும் ஆவி சென்சாரின் முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று குறிப்பிட்ட வகைகள் உண்டு என்றாலும், ஹெட் இணைப்பின் வெப்பத்தை அவையும் தாங்கப் போவதில்லை.

கேட்டவரின் தொடர்ச்சி: கரூர்ப் பயணி

எல்லாருக்கும் நன்றி. பட்டறைக்காரர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்தேன். துவாரத்துக்குள் பழைய வளையம் அப்படியே ஒட்டியிருந்தது; அதன்மேல் இன்னொன்றும் இருந்தது. ஃபிளாஞ்சைக் கண்ணாடியில் வைத்தபோது காதுகள் வளைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது, புதியதற்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது இரண்டு ஐயங்கள். முதலாவது, ஒரு நட் தனியாகக் கழலாமல் ஸ்டட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. ஹெட்டில் உள்ள மரை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டட்டைத் திரும்பப் போடும்போது மரையில் பூசும் பசை ஏதாவது தடவ வேண்டுமா? இரண்டாவது, பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் நடு இணைப்பில், ஒன்றுக்குள் ஒன்று செருகினால் இலேசாக ஆட்டம் இருக்கிறது. கிளாம்ப்பை முழுவதும் இறுக்கியும் முழுமையாகப் பிடிக்கவில்லை. இங்கே வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 5: பட்டறைக்காரர்

ஸ்டட்டோடு நட் வந்தது நல்லதே. நடுவில் முறிந்து பாதி உள்ளே நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ஸ்டட்டையும் நட்டையும் பிரித்து மறுபடி பயன்படுத்த முயல வேண்டாம். சூட்டில் பல ஆண்டுகள் கிடந்த இரும்பு; இரண்டையும் புதிதாகவே வாங்குங்கள், விலை மிகக் குறைவு. ஹெட்டின் மரையை பிரஷால் துடைத்து, புதிய ஸ்டட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றி அடிவரை போக வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் மரை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது லேத்துப் பட்டறையில் ஹெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் மரையைப் போட்டுக்கொள்ளலாம். அலுமினியத்தில் நேரடியாக வெட்டிய மரையைவிட அது உறுதியாகவே நிற்கும்.

மரை பூட்டும் நீல, சிவப்புப் பசைகளை இங்கே தடவ வேண்டாம். அவற்றில் வழக்கமாகக் கிடைப்பவை 150 முதல் 180 டிகிரி வரைதான் தாங்கும். ஹெட்டின் இந்தப் பகுதி அதைத் தாண்டிவிடும். ஸ்டட்டை ஹெட்டுக்குள் கைமுறுக்குக்குச் சற்றுக் கூடுதலாக இறுக்கினால் போதும். இரண்டு நட்டுகளை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்றோடொன்று பூட்டி, மேல் நட்டைத் திருப்பினால் ஸ்டட் தானே உள்ளே போகும். வெளிப்பக்க மரையில் செம்புத் தூள் கலந்த கிரீஸைச் சிறிதளவு தடவிவிடுங்கள். அடுத்த முறை நட் மட்டும் தனியாகக் கழலும். கிரீஸ் தடவிய மரையில் அதே முறுக்குக்குக் கூடுதல் இறுக்கம் கிடைக்கும் என்பதால் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகவே முறுக்குங்கள்.

இனி நடு இணைப்பு. வெல்டிங் வேண்டாம் என்பதற்குக் காரணம், கழற்ற முடியாமல் போவது மட்டுமன்று. ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது. ஹெட்டில் ஒரு முனையும் சட்டத்தில் மறுமுனையும் கட்டப்பட்டிருக்கும்போது, அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது இந்தச் செருகு இணைப்புத்தான். இதை வெல்டிங்கில் இறுக்கிவிட்டால் நீட்சியின் பலம் முழுவதும் ஹெட் இணைப்புக்கும் பின்புறத் தாங்கிக்கும் போகும். நீங்கள் இப்போது சரி செய்துகொண்டிருக்கும் இடமே மறுபடி கசியும், அல்லது தாங்கி வெடிக்கும்.

ஆட்டத்துக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலில், செருகிய பைப் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். சைலன்சரின் வாய்ப் பகுதியில், கிளாம்ப் இறுக்கும்போது சுருங்குவதற்காக நீளவாக்கில் வெட்டுகள் இருக்கும். உள்ளே செருகும் பைப்பின் முனை அந்த வெட்டுகள் முடியும் இடத்தையும் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால், கிளாம்ப்பை எவ்வளவு முறுக்கினாலும் வெட்டுகளின் வழியே புகை வரும். செருகும் இடத்தில் பழைய களிம்பும் துருவும் கெட்டியாகப் படிந்து பைப்பைத் தடுப்பது வழக்கமாக நடப்பதுதான். இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேயுங்கள்.

ஆழம் சரியாக இருந்தும் ஆட்டம் இருந்தால், உங்கள் மாடலுக்கு இந்த இடத்தில் கிராஃபைட் புஷ் வருகிறதா என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள். பல வண்டிகளில் அது உண்டு. நாளடைவில் உதிர்ந்து காணாமல் போயிருக்கும், பட்டறைக்காரர்களும் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு அப்படியொரு புஷ் இல்லை என்றால், மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பட்டையாக வெட்டி, உள் பைப்பின்மேல் ஒரே சுற்றாக, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதபடி சுற்றிச் செருகுங்கள். குளிர்பான டின்னை வெட்டிச் சுற்றுபவர்களும் உண்டு. இந்த நடு இணைப்பில் அது நிற்கும். ஹெட் பக்கம் கொண்டு போகாதீர்கள், அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தகட்டின் இரு பக்கமும் ஆசிரியை சொன்ன சோடியம் சிலிகேட் களிம்பை மெல்லியதாகத் தடவிக்கொள்ளலாம். கிளாம்ப்பின் பிளவும் சைலன்சர் வாயின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வராதபடி கிளாம்ப்பைச் சற்றுத் திருப்பி வையுங்கள். போல்ட்டின் முனை தரையை நோக்கித் தொங்காமல் இருந்தால் வேகத்தடையில் உரசாது.

முதல் நாள் ஓட்டி முடித்து, வண்டி முழுவதும் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். புதிய பேக்கிங் முதல் சூட்டில் இன்னும் சற்று அமுங்கும். கால் சுற்றுக்கும் குறைவாக நட் இடம் கொடுக்கும். அதற்குமேல் கொடுத்துக்கொண்டே போனால் முறுக்குவதை நிறுத்திவிட்டு, ஸ்டட் ஹெட்டிலிருந்து இழுபடுகிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகு கிளாம்ப்பைத் தளர்த்தி, பைப் இயல்பாக உட்கார இடம் கொடுத்து, மறுபடி இறுக்குங்கள்.

இதோடு இன்னொன்று. பல சைலன்சர்களின் அடிப்பகுதியில் ஊசித் துளை போன்ற சிறு துவாரம் இருக்கும். காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து அதையும் கசிவு என்று எண்ணிக் களிம்பால் அடைத்துவிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கும். அது வெளியேறுவதற்காக வைத்த துளை அது. களிம்பு மீந்திருந்தால் டப்பாவை இறுக மூடி வையுங்கள், அந்தத் துளைப் பக்கம் கொண்டு போக வேண்டாம்.